காற்று உண்டு, சைக்கிளும் உண்டு

வெளிநாடு செல்வோர் முன்னறிவூட்டல் சபையின் சாவகச்சேரிக் கிளையில் பதினொரு வருடமாக எவரும் கேள்வி கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. வகுப்பின் முடிவில் பயிற்சி அலுவலர் நடராசா, "ஆருக்கும் ஏதும் கேள்வி இருக்கோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி உறைக்குள் போய்விடும், மின்விசிறி நின்றுவிடும், சனம் வாசலில் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நாலாவது வரிசையில் இருந்த ஜெயதீபன் கையைத் தூக்கினான்.

மீசாலைக்காரன். முப்பத்தாறு வயது. குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன். அவன் வேலை செய்த கடையை முதலாளி தை மாதத்தோடு மூடப் போவதாகச் சொல்லிவிட்டார். போலந்து நாட்டின் தெற்கே ஒரு நகரத்தில், மரக்கறியை உறையவைத்துப் பொதி செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. கடிதத்தில் எல்லாம் திருப்தி, ஒரு வரியைத் தவிர. விடுதியிலிருந்து தொழிற்சாலை ஒன்பது கிலோமீற்றர். அதிகாலை வேலைக்குப் பஸ் கிடையாது. நிறுவனம் சைக்கிள் கொடுக்கும்.

சைக்கிள் என்ற சொல்லைக் கண்டதும் மனைவி தர்சிகா கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். அவளுடைய தகப்பன் கைதடிப் பக்கம் சைக்கிளில் வரும்போது வான் வண்டி அடித்துச் செத்தவர். பிறகு போனில் தேடியபோது இன்னொன்று அகப்பட்டது. அந்தப் பக்கத்து ஊர்களில் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிப்பார்கள், புகை மேலே போகாமல் தெருவில் படிந்து கிடக்கும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதன் கீழே ஒருவர், அதெல்லாம் பழைய கதை என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் இரண்டு பேரையும் ஏசியிருந்தார். ஜெயதீபனுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு, மூச்சிழுப்பு. மாரிக்காலம் பிறந்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். வாயில் வைத்து அடிக்கிற பம்ப் எப்போதும் காற்சட்டைப் பையில் இருக்கும். ஆக அந்த வீட்டில் மனைவிக்குச் சைக்கிளைப் பற்றிப் பயம், புருசனுக்குக் காற்றைப் பற்றிப் பயம். எந்தப் பயம் சரி, எது வீண் என்று சொல்ல ஆளில்லை. அதைச் சொல்வதற்கென்றே அரசாங்கம் ஒரு சபை வைத்திருக்கிறது என்று இருவரும் நம்பினார்கள்.

"சேர், அங்கை மாரியிலை காத்து எப்பிடி? முட்டு வருத்தக்காரர் ஒராள் சைக்கிளிலை போய் வரலாமோ?"

வாசலில் செருப்புத் தேடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடராசா கண்ணாடியைத் திரும்ப எடுத்துப் போட்டார். யார் என்று பார்த்தார்.

"பேர்?"

சொன்னான்.

"மற்றாக்கள் போகலாம். நீர் இரும்."

நாற்பத்திரண்டு பேர் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லா ஆபத்துகளும் தமக்கு விளக்கப்பட்டன என்று அதில் அவர்கள் கையெழுத்து வைத்திருந்தார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏற முடியாது. ஜெயதீபனின் நிறுவனம் அதை அடுத்த கிழமை வெள்ளி மாலை நாலு மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. அனுப்பாவிட்டால் வேலை அடுத்தவனுக்கு.

நடராசா அலுமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். முகப்பில் 'கேள்விகள்' என்று இருந்தது. உள்ளே எல்லாப் பக்கமும் வெள்ளை. முதல் பக்கத்தில் திகதியிட்டு அவனுடைய கேள்வியை எழுதினார்.

"தம்பி, இனி இதுக்குப் பதில் வரும் வரைக்கும் உமக்குச் சான்றிதழ் தரேலாது. ஆபத்து விளங்கினது எண்டு நீர் எப்பிடிக் கையெழுத்து வைப்பீர்? விளங்கேல்லை எண்டுதானே கேக்கிறீர்."

ஜெயதீபன் கதிரையை விட்டு எழுந்தான். "அப்ப கேள்வியை விடுங்கோ சேர். நான் வேறை ஆரிட்டையும் கேக்கிறன்."

"பதிஞ்சதைத் திருப்பி எடுக்கேலாது. கணக்காய்வுக்கு வருவினம்." நடராசா குரலைத் தாழ்த்தினார். "உமக்கு முதல் இருந்தவை ஒருத்தரும் கேக்கேல்லையே. அவைக்கெல்லாம் மூச்சு இல்லையோ?"

*

கேள்வி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. காற்று வளிப் பிரிவுக்கு. சைக்கிள் நடமாட்டப் பிரிவுக்கு. இரண்டு பிரிவுக்கும் அலுவலர் இல்லாததால் நடராசாவே இரண்டையும் பார்த்தார். வளிப் பிரிவாக இருக்கும்போது யன்னலோரக் கதிரையிலும், நடமாட்டப் பிரிவாக இருக்கும்போது கதவோரக் கதிரையிலும் இருப்பார். ஒரு கதிரையில் இருக்கும்போது மற்றதைப் பற்றிக் கதைக்க மாட்டார்.

வியாழக்கிழமை யன்னலோரம் இருந்து சொன்னார்: "அந்த நாட்டுக் காத்து கூடாதோ நல்லதோ எண்டு சொல்லுறதுக்கு முதல், நீர் இப்ப என்ன காத்தைச் சுவாசிக்கிறீர் எண்டு தெரியோணும். எதோடை ஒப்பிடுறது?"

"அளக்கிற மெசின் இருக்கே சேர்?"

"ஏன் இல்லை?" என்று பணிப்பாளரின் அறையைக் காட்டினார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, குளிரூட்டிக்குக் கீழே, வெள்ளைத் துணியால் மூடிய பெட்டி ஒன்று இருந்தது.

"அதை ஒருக்கா என்ரை வீட்டுப் பக்கம் கொண்டு போய்…"

"வெளியிலையோ?" நடராசா பதறிப்போனார். "வெளியிலை தூசு தம்பி! பழுதாப் போனால் ஆர் பொறுப்பு? மெசின் வெளியிலை வராது. காத்துத்தான் உள்ளை வரோணும். ஒரு லீற்றர்ப் போத்திலிலை வீட்டுக் காத்தை அடைச்சு, ஜி.எஸ்ஸிட்டை உறுதிப்படுத்திக் கொண்டு வாரும்."

ஜெயதீபன் சிரித்தான். நடராசா சிரிக்கவில்லை. பிறகு இவனும் நிறுத்திக்கொண்டான்.

வீட்டு முற்றத்தில் தர்சிகா பிளாஸ்ரிக் போத்திலைக் கழுவிக் காயவைத்து, வாயை மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வளவில் யாரோ குப்பை கொளுத்தியதால் அவள் ஓடிவந்து மூடியை இறுக்கினாள். உடனே, "அதுவும் எங்கடை காத்துத்தானே?" என்று திறந்தாள். அன்றைக்கு அவர்கள் முதன்முறையாகச் சண்டை பிடித்தார்கள். கடை பூட்டினால் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதில் தொடங்கி, செத்த மாமனாரில் போய் முடிந்தது.

ஜி.எஸ் என்ற கிராம அலுவலர் தன் அலுவலகத்தில் போத்திலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உது உம்மடை வீட்டுக் காத்துத்தான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று மூடியைத் திறந்து மணந்தார். மணந்தபின், "இப்ப உதுக்குள்ளை கந்தோர்க் காத்தெல்லே போயிட்டுது, திருப்பி நிரப்பிக் கொண்டு வாரும்" என்றார். இரண்டாம் முறை மணக்காமலே மூடியின் மேல் தாள் ஒட்டி முத்திரை குத்தி, ஒரு கடிதமும் கொடுத்தார்.

திங்கட்கிழமை சபையின் வாசலில் காவலாளி வெறும் போத்திலை உள்ளே விட மறுத்தார். ஜி.எஸ்ஸின் கடிதத்தைக் காட்டி, இது வெறும் போத்தில் அல்ல என்று நிரூபிக்க முக்கால் மணி நேரம் போனது. நடராசா பணிப்பாளரின் அறைக்குள் போய், துணியை விலக்கி, மெசினுக்கு முன்னால் போத்திலைத் திறந்தார். மெசின் அந்த அறையின் காற்றை எப்போதும் போலக் காட்டியது.

"அருமையான காத்து தம்பி! உம்மடை ஊரை விட்டு நீர் ஏன் போறீர்?"

*

அன்று மத்தியானம் கத்தரீனா அக்கா மீன் கொண்டு வந்தார். குருநகர்க்காரி. பஸ்ஸில் சாவகச்சேரிச் சந்தைக்கு வந்து, மிச்சத்தை மீசாலை வீடுகளுக்கு விற்றுவிட்டுப் போகிறவர். தர்சிகா சூடை மீனை அளைந்தபடி, ஆற்றாமையில் போத்தில் கதையைச் சொன்னாள்.

"எந்த ஊர் எண்டனீர்?" கத்தரீனா தராசைக் கீழே வைத்தார். "என்ரை எமில்ராஜ் அங்கைதானே பிள்ளை. இரண்டு வருசமாகுது. பெட்டி அடுக்கிற வேலை. நில், எடுத்துத் தாறன்."

மீன் வாசம் அடித்த போனை ஸ்பீக்கரில் போட்டு, சபையிலிருந்து திரும்பியிருந்த ஜெயதீபனும் தர்சிகாவும் பதினொரு நிமிடம் கதைத்தார்கள். எமில்ராஜ் நேரே விசயத்துக்கு வந்தான்.

"அண்ணை, வாங்கோ எண்டும் சொல்லமாட்டன், வராதேங்கோ எண்டும் சொல்லமாட்டன். கார்த்திகையிலை இருந்து மாசி வரைக்கும் புகைதான். முந்தி இன்னும் மோசமாம். காத்து அசையாத நாளிலை நாக்கிலையே கரி படும். ஆனால் இங்கை ஒவ்வொரு நாளும் காத்து எவ்வளவு எண்டு போனிலை போடுவாங்கள். சிவப்பு எண்டு வந்தால் சைக்கிளைத் தொடாதேங்கோ. முதல் நாளே முட்டு இருக்கெண்டு மேலாளரிட்டைச் சொல்லுங்கோ, தொழிற்சாலை வான் வந்து ஏத்தும். வெக்கப்பட்டு மறைச்சவன் ஒருத்தன் என்னோடை இருந்தவன், பிறகு ஆஸ்பத்திரியிலை கிடந்தவன்."

"றோட்?" தர்சிகா போனைப் பறித்தாள். "தம்பி, றோட் எப்பிடி?"

"ஏழு கிலோமீற்றர் சைக்கிளுக்கெண்டே தனிப் பாதை அக்கா. வாகனம் வராது. கடைசி இரண்டு கிலோமீற்றர் லொறி ஓடுற றோட், அதுதான் பயம். ஆற்றுப் பாலத்திலை ஐஸ் கட்டியிருக்கும், இறங்கி நடக்கோணும். முன்னுக்கும் பின்னுக்கும் லைற் வேணும். நான் ஒருக்கா விழுந்து தோள்மூட்டு விலகினது. அம்மாக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

கத்தரீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பிறகு மீனை நிறுத்துக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் தர்சிகா மகளின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து அதை எல்லாம் எழுதினாள். நல்ல பதில் என்று சொல்ல முடியாது. ஆனால் பதில். இனி வேண்டியது சான்றிதழ் மட்டும்தான்.

*

புதன்கிழமை நடராசா கதவோரக் கதிரையில் இருந்தார்.

"சைக்கிள் பரீட்சை. கண்டி வீதியிலை அரைக் கிலோமீற்றர். வலப் பக்கத்தாலை ஓட வேணும்."

"வலப் பக்கமோ?"

"அந்த நாட்டிலை வலப்பக்கம்தானே. இடப்பக்கம் ஓடிக் காட்டி என்ன பிரியோசனம்?"

"சேர், இங்கை வலப்பக்கம் ஓடினால் முன்னாலை வாறது அடிக்கும்."

"அதைத்தான் நாங்கள் பாக்கோணும்" என்றார் நடராசா.

பரீட்சையில் வெளியுதவி இருக்கக்கூடாது என்று பையில் உள்ளதை எல்லாம் கருமபீடத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். எழுதுவினைஞர் மார்கிரட் போன், பணப்பை, பம்ப் மூன்றையும் வாங்கி லாச்சிக்குள் வைத்து ஒரு தகர வில்லையைக் கொடுத்தாள். பம்பைப் பார்த்து ஒரு கணம் தயங்கினாள். நடராசா பின்னால் நின்றார்.

தர்சிகா வாசலில் நின்று, "ஓட வேண்டாம்" என்றாள். "வேலை போனால் போகட்டும். இறங்குங்கோ." அவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மிதித்தான்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. நடராசா பின்னால் சபையின் ஜீப்பில், மடியில் புள்ளித்தாளோடு வந்தார். முதல் நூறு மீற்றரில் எதிரே வந்த மோட்டார்சைக்கிள்காரன் தூசணத்தால் பேசிவிட்டுப் போனான். ஓட்டோ ஒன்று விலகியது. பிறகு லொறி ஒன்றை முந்தித் தன் பக்கத்துக்குத் திரும்பிய யாழ்ப்பாண பஸ் அவனுக்கு நேரே வந்தது. ஹோர்ன் நிற்கவேயில்லை. பஸ்ஸின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் படம்வரை அவனுக்குத் தெரிந்தது. கைப்பிடியை ஒடித்தான். சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனான். பஸ்ஸின் காற்று முதுகை அறைந்துவிட்டுக் கடந்தது.

முழங்கையில் இரத்தம். முன் சில்லு எட்டுப்போல் வளைந்திருந்தது. ஜீப் மெல்ல வந்து நின்றது.

"ஏன் இறங்கினீர்?" என்றார் நடராசா. "இன்னும் இருநூறு மீற்றர் கிடக்கு."

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அவன் சபையின் வளவுக்குத் திரும்பியபோது அங்கே பழைய கோப்புகளை எரித்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமைகளில் எரிப்பது வழக்கம். பிளாஸ்ரிக் உறைகளோடு எரிந்த புகை கறுப்பாக வளவை நிறைத்து நின்றது. இரண்டு தரம்தான் மூச்சை இழுத்தான். மூன்றாவது வரவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது. சைக்கிளை விட்டுவிட்டு மதிலைப் பிடித்தான்.

"பம்ப்! இவரின்ரை பம்பைத் தாங்கோ!" தர்சிகா கருமபீடத்துக்கு ஓடினாள்.

"வில்லை?" என்று கேட்டார், ஜீப்பிலிருந்து இறங்கி வந்த நடராசா.

வில்லை வாய்க்காலுக்குள் போயிருந்தது.

"வில்லை இல்லாமல் பொருள் குடுக்கேலாது பிள்ளை. நாளைக்கு இன்னொராள் வந்து அது தன்ரை எண்டால்?" சொல்லும்போதே புகை யன்னலுக்குள் வருவதைக் கண்டார். முகம் மாறியது. "யன்னலைச் சாத்துங்கோ! கெதியாச் சாத்துங்கோ! மெசின்!"

எல்லோரும் யன்னல்களுக்கு ஓடினார்கள். மார்கிரட் மட்டும் ஓடவில்லை. லாச்சியை இழுத்துப் பம்பை எடுத்து, கருமபீடத்துக்கு மேலாலே தர்சிகாவின் கைக்கு எறிந்தாள்.

*

சாவகச்சேரி ஆஸ்பத்திரியில், மூக்கில் மருந்துப் புகையும் முழங்கையில் கட்டுமாக அவன் கிடந்தான். தர்சிகா கட்டிலின் விளிம்பில் இருந்தாள்.

"இங்கையும் புகை" என்றாள். "இங்கையும் றோட். எங்கடை அப்பா செத்த இடத்திலை இண்டைக்கும் ஒரு வெள்ளைக் கோடு கீறேல்லை. அங்கை இத்தினை மாசம் புகை, இந்தப் பாலத்திலை வழுக்கும் எண்டு ஒரு பொடியன் கணக்காச் சொல்லுறான். எங்கை ஆபத்து எண்டு தெரிஞ்ச இடத்துக்குப் போறது பரவாயில்லை எண்டு நினைக்கிறன்."

"நீர்தானே சைக்கிள் எண்டால் விடமாட்டன் எண்டு நிண்டனீர்."

"இப்பவும் பயம்தான். ஒரு மாரி பாருங்கோ. மூச்சு ஒத்துக்கொள்ளேல்லை எண்டால் திரும்பி வந்திடோணும். ஊர் என்ன சொல்லும் எண்டு அங்கையே நிண்டு சாகக் கூடாது. அதுக்கு ஓம் எண்டால் போங்கோ."

அவன் ஓம் என்று தலையை ஆட்டினான்.

*

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பணிப்பாளர் சீவரத்தினம் அவர்களை அறைக்குள் கூப்பிட்டார். நல்ல குளிர். மெசினுக்குப் புதுத் துணி போட்டிருந்தது. முழங்கைக் கட்டைக் கண்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதிய வேண்டும்.

"தம்பி, சபை தொடங்கிப் பதினொரு வருசம். பதினாலாயிரம் பேரை அனுப்பியிருக்கிறம். ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. அவ்வளவு தெளிவா விளங்கப்படுத்துறம். சவப்பெட்டியிலை திரும்பி வந்தவையின்ரை கோப்பையும் எடுத்துப் பாரும், ஒவ்வொண்டிலையும் விளங்கினது எண்டு கையெழுத்து இருக்கு. சனம் நினைக்குது ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காமல் பாக்கிறதுதான் எங்கடை வேலை எண்டு. அது கடவுளின்ரை வேலை. நடந்தால், நாங்கள் சொன்னனாங்கள் எண்டு இருக்கோணும். அதுதான் எங்கடை வேலை."

சுவர் மணிக்கூடு மூன்று பதினைந்து காட்டியது. ஜெயதீபன் கதிரை நுனியில் இருந்தான்.

"உம்மடை கேள்விக்குப் பதில் தயார்" என்று பணிப்பாளர் எழுந்து நின்று வாசித்தார். "ஒன்று: குறித்த நாட்டில் காற்று உண்டு. இரண்டு: குறித்த நாட்டில் சைக்கிள் உண்டு. இவற்றை உபயோகிப்பது விண்ணப்பதாரரின் சொந்தத் தெரிவாகும். வையும் கையெழுத்தை."

ஜெயதீபன் படிவத்தைப் பார்த்தான். எல்லா ஆபத்துகளும் எனக்கு விளக்கப்பட்டன. அதன் கீழே கோடு. தர்சிகா கைப்பையைத் திறந்து, கொப்பித் தாளை எடுத்து அவனுக்கு முன்னால் விரித்தாள். அவன் கட்டுப் போட்ட கையால் மெல்ல மெல்ல எழுதத் தொடங்கினான். கார்த்திகை முதல் மாசி வரை புகை. சிவப்பு நாளில் சைக்கிள் வேண்டாம். முட்டு இருப்பதை முதல் நாளே மேலாளரிடம் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு கிலோமீற்றர் லொறி. பாலத்தில் இறங்கி நடக்க வேண்டும், முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். விளக்கியவர்: எமில்ராஜ், குருநகர், பெட்டி அடுக்குபவர். அதன் கீழே கையெழுத்து வைத்தான்.

மணி மூன்று முப்பத்தைந்து. பணிப்பாளர் படிவத்தை எடுத்து வாசித்தார். நெற்றி சுருங்கியது. தர்சிகா மணிக்கூட்டைப் பார்த்தாள். அவர் மறுபடி வாசித்தார்.

"நடராசா" என்றார் மெதுவாக. "உது நல்லாயிருக்கு. எங்கடை பதிலிலை சேர்த்துக்கொள்ளும். கடைசி வரியை மட்டும் எடுத்துப்போடும், சபை ஆய்வு செய்ததெண்டு போடும்."

முத்திரை விழுந்தது. நாலு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது சான்றிதழ் போனது.

*

முதல் மாரி லேசில் போகவில்லை. தை மாதத்தில் பன்னிரண்டு நாள் சிவப்பு. தொழிற்சாலை வான் வந்து ஏற்றியது. அப்படியும் ஒரு கிழமை இருமிக்கொண்டு கிடந்தான். தர்சிகா ஒவ்வொரு நாளும் எடுத்து, "கதைக்காதேங்கோ. மூச்சை மட்டும் விடுங்கோ, நான் கேக்கிறன்" என்பாள். மீசாலையில் இருந்தபடி போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, விசில் இருக்கிறதா என்று கேட்பாள். பங்குனியில் விசில் நின்றது. பாலத்தில் ஒவ்வொரு நாளும் இறங்கி நடந்தான்.

ஆனி மாதத்தில், நல்ல வெயில் நாள் ஒன்றில், பணிப்பாளர் சீவரத்தினமும் நடராசாவும் அந்த நகரத்துக்கு வந்தார்கள். சபையின் வரலாற்றில் கேட்கப்பட்ட ஒரே கேள்வியைக் களத்தில் ஆராய ஒன்பது நாள் கல்விச் சுற்றுலா. மரங்கள் எல்லாம் பச்சை. பணிப்பாளர் ஜெயதீபனின் சைக்கிளில் ஏறி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு படம் எடுத்தார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"எங்கை தம்பி புகை? ஒண்டும் இல்லையே. நடராசா, எங்கடை பதிலிலை இருக்கிற அந்தப் புகை வரியை வெட்டிவிடும். சனத்தை வீணாப் பயப்படுத்தக் கூடாது."

நடராசா பேனையை எடுத்தார்.

"வெட்டாதேங்கோ சேர்." ஜெயதீபனின் குரல் உயர்ந்துவிட்டது. விடுதி வாசலில் நின்ற எமில்ராஜ் திரும்பிப் பார்த்தான். "தை மாசம் ஒருக்கா வாங்கோ. நான் காட்டுறன்."

பணிப்பாளர் சைக்கிளிலிருந்து இறங்கி, காற்சட்டையைத் தட்டினார்.

"தை மாசமோ?" என்றார், பிள்ளைக்குச் சொல்வது போல. "உமக்கென்ன விசரோ? அந்தப் புகைக்குள்ளை மனுசர் வருவினமோ?"